கூரைக்கு மேலே போனவை

எதைத் தொலைத்தாலும் எங்கள் குழுத் தலைவர் தேட மாட்டார். எனக்குத் தெரிந்து மூன்று குடைகள், சாப்பாட்டு டப்பாவின் மூடி ஒன்று, வலது கால் செருப்பு ஒன்று. செருப்பு காணாமல் போன அன்று மாலை வரை ஆய்வுக்கூடத்தின் வராந்தாவில் ஒற்றைச் செருப்போடு நடந்தார். மேசைக்கடியில் குனிந்து பார்த்திருந்தால் கிடைத்திருக்கும். மறுநாள் பெருக்க வந்த அம்மாள் அங்கிருந்துதான் எடுத்துக் கொடுத்தார்.

"போனது போச்சு, இருக்கிறதைப் பாப்போம்" என்பார். இதை அவர் சொல்லும்போது முகத்தில் ஒரு சாந்தம் வரும். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரைக்குப் போகும் எங்கள் அலுவலகப் பேருந்தில் அவருக்கு ஞானி என்றே பெயர். நானும் ஓராண்டு அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது வெறும் சோம்பல் என்று எனக்குள் சொல்லிப் பார்க்கவே இன்னொரு ஆண்டு ஆயிற்று. என்னைவிட இருபது வயது மூத்தவர், என் ஒப்பந்தத்தை ஆண்டுதோறும் நீட்டித்துக் கையெழுத்துப் போடுகிறவர். அவரைப் பற்றித் தவறாக நினைப்பதற்கு முன் எல்லா வகையிலும் என்னையே சந்தேகப்பட்டுப் பார்த்துவிட்டேன். அவருடைய சோம்பலால் மல்லிகா என்ற பெண்ணுக்கு வேலை போனது. அதற்குப் பிறகு என்னை நான் சந்தேகப்படவில்லை. அல்லது, கொஞ்சம் குறைவாகச் சந்தேகப்பட்டேன்.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஓர் உலோகத் துண்டைக் கீழேயிருந்து மிக பலமாக அடித்தால், அந்த அதிர்ச்சி உள்ளே அலையாக ஏறி மேற்பரப்பை வந்து சேரும். மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும். அலை அங்கே வந்ததும் கீறலின் பள்ளம் உள்வெளியாகப் புரண்டு, ஊசி முனைபோல உலோகத்தைப் பீய்ச்சி அடிக்கும். எவ்வளவு உலோகம் இப்படித் தெறிக்கிறது என்பதுதான் கேள்வி. பக்கத்துக் கட்டடத்தில் வெள்ளீய வில்லைகளை வைத்து உண்மையாகவே அடித்துப் படம் எடுத்தார்கள். நாங்கள் கணினிக்குள் கோடிக்கணக்கான அணுக்களை அடுக்கி, அதே அடியை அடித்துப் பார்த்து, இவ்வளவு தெறிக்கும் என்று முன்கூட்டியே ஓர் எண்ணைக் கொடுப்போம். அந்த எண்ணை நம்பித்தான் அவர்கள் காமிராவின் முன்னால் பாதுகாப்புக் கண்ணாடி வைப்பார்கள்.

கணினிக்குள் அந்த அணுக்கள் ஒரு பெட்டியில் இருக்கும். பெட்டிக்கு நான்கு சுவர், ஒரு கூரை. தெறித்துப் பறக்கும் அணு கூரையைத் தாண்டினால் ப்ரோக்ராம் உடனே நின்றுவிடும். இத்தனை அணுக்களைக் காணவில்லை என்று திரையில் சொல்லும். சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒரே ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் அது வாயை மூடிக்கொள்ளும். காணாமல் போனவை போகட்டும், நீ ஓடு, என்று அதற்குச் சொல்லும் வரி அது. அவர் அந்தக் குழுவுக்குப் பொறுப்பேற்ற முதல் வாரமே அதைச் சேர்த்தார்.

"நான் வந்தப்புறம் ஒரு ரன்கூட பாதியில நின்னதில்லை," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். உண்மைதான். நிற்கவே இல்லை.

ஒருமுறை வெளியூரிலிருந்து வந்த விஞ்ஞானி ஒருவரை நாங்கள் எல்லோரும் மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போனோம். எங்கள் ஞானி தன் மனைவியையும் மனைவியின் தாயாரையும் கூட்டி வந்திருந்தார். நான் என் மகளைத் தூக்கி வந்திருந்தேன். அப்போது அவளுக்கு ஒன்றரை வயது. ஐந்து ரதங்களைப் பார்த்துவிட்டு வேனில் ஏறும்போது அந்த மாமியாரைக் காணவில்லை.

"வந்துடுவாங்க," என்றார் அவர். கையில் மிளகாய்த்தூள் தடவிய மாங்காய்ப் பத்தை. "கூட்டத்துல எங்க போய்த் தேடறது? ஒரே எடத்துல நாம நின்னா அவங்களே வந்துடுவாங்க."

அவர் மனைவி வேனின் படியிலிருந்து இறங்கினார். பழகிப்போன முகம். நான் மகளை இடுப்பில் இறுக்கிக்கொண்ட இறுக்கில் அவள் அழுதாள். பிறகு நானும் அந்த மனைவியும் ஆளுக்கொரு பக்கம் போனோம். கலங்கரை விளக்கம் போகும் வழியில், கல் சிற்பம் விற்கும் ஒரு கடை வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில் அந்த அம்மாள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடைக்காரர் என்னைப் பார்த்து, "உங்க ஆளா? அரை மணியா இங்கியே குந்திகினு கீறாங்க. தண்ணி குடுத்தேன்," என்றார்.

அந்த அம்மாள் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாப்பிள்ளை பாவம், தேடி அலைஞ்சிருப்பாரே," என்றார்.

"ஆமாம்மா," என்றேன்.

வேனுக்குத் திரும்பியதும் அவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களா, நான்தான் சொன்னேனே, வந்துட்டாங்க."

என் மகளை நான் செங்கல்பட்டு வீட்டில் என் மாமியாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவேன். பதினொரு மணிக்கு ஒருமுறை, சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை, மூன்றுக்கு ஒருமுறை போன் செய்வேன். "உன் பொண்ணு இருக்கா, எங்கயும் ஓடிப் போகல, கை ரெண்டு, கால் ரெண்டு, வை போனை" என்று மாமியார் சலித்துக்கொள்வார். அதிகம்தான், எனக்கே தெரியும். அதனால் ஞானியை எடைபோட நான் சரியான ஆள்தானா என்று பலநாள் யோசித்திருக்கிறேன். எதற்கும் பயப்படுகிறவளுக்கு எதற்கும் பயப்படாதவரைப் பார்த்தால் எரிச்சல் வருவது இயல்பு. ஆனால் அந்தக் கல் கடைக்காரர் பயந்தவர் இல்லை. அவருக்கு நாற்காலி போடத் தெரிந்தது.

மல்லிகா புதுப்பட்டினத்துக்காரர். பக்கத்துக் கட்டடத்தில் ஒப்பந்த வேலை. வெள்ளீய வில்லைகளை உப்புத்தாளில் தேய்த்து, பிறகு டைமண்ட் பேஸ்ட் தடவிய துணியில் தேய்த்து, முகம் தெரியும் அளவுக்குக் கொண்டுவருவது அவர் பொறுப்பு. வெள்ளீயம் மிக மிருதுவான உலோகம். நகம் பட்டால்கூடக் கோடு விழும். அதற்காகவே அவர் நகங்களை ஒட்ட வெட்டி, மோதிரத்தைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொள்வார். தேய்த்து முடித்த ஒவ்வொரு வில்லையையும் ஊசி வைத்து அளக்கும் கருவியில் ஓட்டி, மேடு பள்ளத்தைக் காட்டும் தாளில் தேதி போட்டு நோட்டில் ஒட்டி வைப்பார். யாரும் கேட்காமலே ஒரு நகலும் வைத்துக்கொள்வார். கணினியில் நான் போடும் கீறல்கள் அவருடைய தாளிலிருந்து எடுத்தவைதான். அதனால் அவரை எனக்குத் தெரியும்.

பக்கத்துக் கட்டடத்தில் நடந்த ஒரு சோதனையில், நாங்கள் சொன்னதைவிட மிக அதிகமாக உலோகம் தெறித்தது. பாதுகாப்புக் கண்ணாடி அம்மை வந்த முகம்போலக் குழி விழுந்து, படம் ஒன்றுகூடத் தேறவில்லை. பல மாதத் தயாரிப்பு வீண். உங்கள் எண் ஏன் இவ்வளவு குறைவு என்று எங்களைக் கேட்டார்கள். எங்கள் ஞானி பத்து நிமிடத்தில் பதில் எழுதிவிட்டார். மேற்பரப்பில் கீறல் அதிகம் இருந்தால் தெறிப்பும் அதிகமாகும், எனவே வில்லையின் மெருகில் குறை என்று கருதுகிறோம். நான்கு வரி. மல்லிகாவின் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கவில்லை. என்னிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், என் மேசையிலேயே இருந்தது.

மாதக் கடைசியில் ஒப்பந்தக்காரர் மல்லிகாவை நிறுத்திவிட்டார். மல்லிகா புதுப்பட்டினம் பேருந்து நிறுத்தத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா மேடம், நான் தேய்ச்சது சொரசொரன்னு கீதாமே? உங்க பெரிய சாரு எழுதிக் குடுத்துகிறாராம்."

"எனக்கும் அப்புறம்தான் தெரியும் மல்லிகா."

"எட்டு வருசமா தேய்க்கிறேன். ஒரு கோடு காட்டு, நானே போயிடறேன். அந்த ஆளு ஒரு தபா எங்க ரூமுக்கு வந்துகிறாரா? வில்லை வட்டமா சதுரமான்னு கேளு, தெரியாது அவருக்கு."

பேருந்து வந்துவிட்டது. நான் ஏறிக்கொண்டேன். ஜன்னல் வழியாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதற்குள் பேருந்து நகர்ந்துவிட்டது.

மறுநாள் நான் செய்தது மிக எளிய கழித்தல். ஓட்டத்தின் தொடக்கத்தில் பெட்டியில் இருந்த அணுக்கள் எத்தனை, முடிவில் எத்தனை. தெறித்துப் பறந்தவற்றில் பாதிக்கும் மேல் முடிவில் இல்லவே இல்லை. கூரையைத் தாண்டியதும் ப்ரோக்ராம் அவற்றை அழித்துவிட்டிருந்தது, சத்தமில்லாமல், அந்த ஒரு வரியின்படி. மிச்சம் இருந்ததை மட்டும் எண்ணி நாங்கள் எண் கொடுத்திருந்தோம். நானும்தான். இரண்டு ஆண்டுகள் அந்த வரியை ஒவ்வொரு கோப்பிலும் பார்த்துக்கொண்டே கடந்திருக்கிறேன். ஐந்து முறை கழித்துப் பார்த்தேன். ஆறாவது முறை காகிதத்தில் கையால் கழித்தேன். பிறகு அவர் அறைக்குப் போனேன்.

"சார், ஆரம்பத்துல இருந்த அணுக்களும் கடைசியில இருக்கிறதும் ஒத்துப்போகலை."

"எப்படிம்மா ஒத்துப்போகும்? கொஞ்சம் மேல போயிருக்கும்."

"கூரையைத் தாண்டினதை ப்ரோக்ராம் அழிச்சுடுது சார்."

"ஆமா. பெட்டிக்கு வெளிய போனது நம்ம கணக்குல இல்லை."

"வெளிய போறது எவ்வளவுன்னுதானே சார் நம்மகிட்ட கேக்கறாங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஜன்னலுக்கு வெளியே சவுக்குத் தோப்பைப் பார்த்தார். கோபப்படுவார், அல்லது வெட்கப்படுவார் என்று நினைத்தேன்.

"நல்ல கேள்வி," என்றார். "எழுதி வைங்க."

அவ்வளவுதான். ஞானியின் சாந்தம். அவர் மேசையில் என் ஒப்பந்த நீட்டிப்பு ஃபாரம் இன்னும் கையெழுத்தாகாமல் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு நான் வெளியே வந்துவிட்டேன்.

வீட்டில் என் கணவர், மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே கேட்டார். "நீ சொல்றது சரின்னே வெச்சுக்குவோம். ஃபாரம்ல யாரு கையெழுத்து போடணும்?"

"அவர்தான்."

"அப்புறம்?"

"மல்லிகாவுக்கு வேலை போயிடுச்சு."

"அது தப்புதான். நான் தப்பில்லேன்னு சொல்லலை. கையெழுத்து ஆகட்டும், அப்புறம் பேசு."

நியாயமாகத்தான் பட்டது. எனக்கு எல்லாமே கொஞ்ச நேரம் நியாயமாகத்தான் படும். ஆனால் கையெழுத்து எப்போது ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அவரிடம் போன தாள் எதுவும் தானாகத் திரும்பி வந்ததில்லை.

கூரையை மிக உயர்த்தி, அந்த வரியை எடுத்துவிட்டு, அதே அடியை மறுபடி கணினியில் ஓட்டினேன். நான்கு நாள் ஓடியது. மூன்றாம் நாள் மகளுக்குக் காய்ச்சல். செங்கல்பட்டு மருத்துவமனை வரிசையில் அவளை மடியில் போட்டுக்கொண்டு, போனில் ஓட்டம் நிற்காமல் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மகளைப் பார்க்காமல் இதைப் பார்க்கிறோமே என்று போனை வைப்பேன். மறுபடி எடுப்பேன். ஓட்டம் முடிந்தபோது ஓர் அணுகூடக் குறையவில்லை. தெறித்த அளவு, சோதனையில் கிடைத்ததற்கு மிக அருகில் வந்திருந்தது. மல்லிகாவின் தாளில் இருந்த அதே மெல்லிய கீறல்கள்தான். அவர் தேய்த்ததில் குறை ஏதும் இல்லை.

இரு கட்டடத்தாரும் கூடிய கூட்டத்தில் அதைக் காட்டினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கடைசிப் படம் திரையில் இருக்கும்போதே ஞானி எழுந்தார்.

"கூரையை உயர்த்திப் பாக்கணும்னு எனக்கு ஆரம்பத்துலேருந்தே ஒரு எண்ணம். அதான் இவங்களைச் செய்யச் சொன்னேன்," என்றார்.

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் கைதட்டக்கூடச் செய்தார். ஆச்சரியம் என்னவென்றால், அவர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அவர் அதை நம்பினார். நான் அவர் அறைக்குப் போனது, கழித்துக் காட்டியது, எல்லாம் அவருக்குள்ளும் கூரையைத் தாண்டிப் போய்விட்டது. கெட்டவராக இருந்திருந்தாலாவது அவரை நான் கொஞ்சம் மதித்திருப்பேன். கெட்ட எண்ணத்துக்குக்கூட ஞாபகம் வேண்டும்.

மல்லிகாவைப் பற்றி அந்த அறையில் ஒருவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. கூட்டம் முடிந்து, போண்டா டீ எல்லாம் ஆன பிறகு, வராந்தாவில் அவரிடம் போய், மெருகில் குறையில்லை என்று ஒரு கடிதம் வேண்டும் என்றேன்.

"யாருக்கு?"

"பாலிஷ் போட்டவங்களுக்கு. நம்ம எழுதினதாலதான் நிறுத்தினாங்க."

"அப்படியா? நாம அவங்களை நிறுத்தச் சொல்லலையே. சரி, எழுதிக் குடுத்துடலாம். அந்த அம்மா பேரு என்ன?"

கடிதம் மூன்று வாரம் கழித்து வந்தது. அந்த மூன்று வாரமும் தினம் காலையில் அவர் அறைக்குப் போய் நினைவூட்டினேன். ஒவ்வொரு நாளும், இன்று எரிந்து விழுவார், என் ஃபாரத்தைத் தூக்கிக் குப்பையில் போடுவார் என்று பயந்துகொண்டேதான் போனேன். ஒவ்வொரு நாளும் அவர் முதல்முறை கேட்பதுபோலவே கேட்டு, "செஞ்சுடலாம்மா" என்றார்.

மல்லிகா அதற்குள் செங்கல்பட்டில், செயற்கைப் பல் செய்யும் ஒரு கூடத்தில் பல்லுக்கு மெருகு போடும் வேலையில் தற்காலிகமாகச் சேர்ந்திருந்தார். முந்தைய இடத்தில் ஏன் நிறுத்தினார்கள் என்று அதன் முதலாளி கேட்டுக்கொண்டே இருந்தாராம். எழுத்தில் ஏதாவது இருந்தால் வேலையை நிரந்தரமாக்குகிறேன் என்றிருக்கிறார். ரயில் நிலையத்துக்கு எதிரே நின்று கடிதத்தைக் கொடுத்தேன். மல்லிகாவுக்குப் படிக்க நேரமாகும். விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். நடுவில் விரல் நின்றது.

"இது இன்னா மேடம்? 'சிறு குறைகள் தவிர.'"

அந்த மூன்று வார்த்தைகளையும் நான் முன்பே பார்த்திருந்தேன். வழக்கமாக அப்படி எழுதுவதுதானே, யார் கவனிக்கப் போகிறார்கள், கேட்கப்போனால் இன்னும் மூன்று வாரம் ஆகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எடுத்து வந்திருந்தேன்.

"அது சும்மா ஒரு வழக்கம் மல்லிகா. எல்லாக் கடிதத்துலயும் வரும்."

"இன்னா சிறு கொறை? எத்தினி? எந்த வில்லையில?" நோட்டின் நகலை எப்போதும் பையிலேயே வைத்திருந்தார் போலிருக்கிறது. எடுத்து என் முகத்துக்கு நேரே பிரித்தார். "காட்டு பாப்போம்."

நான் நோட்டை மூடி அவரிடமே கொடுத்தேன்.

"இத எடுத்துகினு போயி எங்க மொதலாளியாண்ட குடுத்தா, சிறு கொறைன்னா இன்னான்னு அவரு கேப்பாரு. நான் இன்னா சொல்றது? பேஜாரு புடிச்ச கடுதாசி. வேணாம் எனக்கு." மடித்து என் கையில் திணித்தார். "அடிச்சுத் திருத்தியும் எடுத்தாராத. அடிச்ச எடம் தெரியும். புதுசா எழுதி வாங்கினு வா."

இப்படி ஒருவரிடம் நான் எதையும் திருப்பிக் கொடுத்ததே இல்லை. அன்று இரவு எனக்கு அதுதான் வெட்கமாக இருந்தது.

மறுநாள் கடிதத்தை நானே புதிய தாளில் தட்டச்சு செய்தேன். மூன்று வார்த்தைகளை எடுத்துவிட்டேன். மேற்பரப்பு மிகச் சிறப்பாக மெருகேற்றப்பட்டிருந்தது என்று ஒரு வரி சேர்த்தேன். அதைச் சேர்க்கலாமா, அதிகப்பிரசங்கித்தனமா என்று அரை மணி நேரம் யோசித்தேன். கேட்டால் சொல்ல வேண்டிய பதிலை மனப்பாடம் செய்துகொண்டு உள்ளே போனேன். அவர் போனில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். கையை நீட்டித் தாளை வாங்கினார். மேசையில் கிடந்த மற்றத் தாள்களோடு அதையும் சேர்த்து, ஒவ்வொன்றின் கீழ்மூலையை மட்டும் புரட்டி, பேச்சை நிறுத்தாமல் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனார். எதில் போடுகிறோம் என்று ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அந்தக் கட்டில் மூன்றாவதாக என் நீட்டிப்பு ஃபாரமும் இருந்தது. அதிலும் போட்டார். இரண்டையும் உருவிக்கொண்டு வெளியே வந்தேன்.

மல்லிகாவுக்கு அந்த வேலை நிரந்தரமாயிற்று. எங்கள் ஞானி சில மாதங்களில் பதவி உயர்ந்து வேறு ஊருக்குப் போய்விட்டார்.

என் மகள் இப்போது பள்ளிக்குப் போகிறாள். வீட்டுப்பாட நோட்டில் பெற்றோர் கையெழுத்துக் கேட்டு நீட்டும்போதெல்லாம் நான் முழுப் பக்கத்தையும் படிக்கிறேன், அவள் பொறுமையிழந்து காலைத் தரையில் தட்டும்வரை. படிக்கும்போது சில நாள் தோன்றும். அன்று மல்லிகாவின் கடிதத்தில் நான் எதைத் தட்டச்சு செய்து வைத்திருந்தாலும் ஞானி கையெழுத்துப் போட்டிருப்பார். 'தவறு முழுவதும் என்னுடையது' என்று அவரே சொல்வதுபோல நான் ஒரு வரி எழுதியிருக்கலாம். அரை மணி நேரம் யோசித்தேனே, அந்த வரி மட்டும் எனக்கு வரவில்லை.